வேலை முடியட்டும், வாரேன்

அந்த லைட்ட அணைச்சுராதீங்க தம்பி. பகல்தான், எனக்கும் தெரியுது. எரியட்டும், விடுங்க.

வாங்க, முதல்ல இப்படி உக்காருங்க. பாத்ரூம் எங்கயும் ஓடிப் போயிராது. நீங்கதான மாசானம்? பக்கத்து வீட்டு லூர்து டீச்சர் சொன்னாங்க. அவங்க அடுப்படிக்கு டைல்ஸ் ஒட்டுனது நீங்கதானாமே. சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கிற ஆளுன்னு சொன்னாங்க. எனக்கு அது போதும். எனக்கு நேரம்தான் முக்கியம் தம்பி. இந்த அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். டிரைவர் டீ குடிச்சுக்கிட்டு நிப்பான். நான் விசில எடுத்து வாயில வச்சேன்னா கிளாஸ அப்படியே போட்டுட்டு ஓடுவான். ஊதக்கூட வேண்டாம், வாயில வச்சாப் போதும்.

காப்பி தரமுடியாது, தப்பா நெனைச்சுக்கிடாதீங்க. வீட்டுல ஆள் இல்ல. எங்க வீட்டுல சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கா, அவ தம்பி வீட்டுக்கு. பாத்ரூம் வேலை முடியட்டும், வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. அதான் உங்களக் கூப்பிட்டுவிட்டேன்.

என்ன அப்படிப் பாக்குதீங்க? பாத்ரூம் புதுசாத்தான இருக்குன்னு பாக்குதீங்களா? சொல்லுதேன், இருங்க.

இது எங்க அப்பா கட்டுன வீடு. அந்தக் காலத்துல பாத்ரூமெல்லாம் வீட்டோட சேத்து யாரு கட்டுனா? புறவாசல்ல கிணத்த ஒட்டி ஒரு ரூம். சிமெண்ட் தரை வெடிச்சுக் கெடந்துச்சு. கதவு அடிப்பக்கம் பூரா தண்ணி பட்டு இத்துப்போய், அதுக்கு மேல தகரம் அடிச்சிருந்தோம். உள்ள ஒரு குண்டு பல்பு. சுவிட்ச் வெளிய. பழைய வீடு எல்லாத்துலயும் அப்படித்தான, சுவிட்ச் வெளியதான் இருக்கும்.

எங்க வீட்டுல பேரு செண்பகம். நான் நேரம் பாக்குத ஆளுன்னு தெரிஞ்சு அதுக்குத் தக்கன நடந்துக்கிடுவா. காப்பி நேரத்துக்கு வரும். டிபன் பாக்ஸ் நேரத்துக்கு வரும். ஒரே ஒரு விஷயத்துலதான் கோளாறு. குளிக்கப் போனா வரமாட்டா. உள்ள போய் தாழ்ப்பாளப் போட்டான்னா குழாயத் தொறந்து விட்ருவா. தண்ணி வாளியில விழுதது கேக்கும். வாளி நெறஞ்சு வழியுதது கேக்கும். மோந்து ஊத்துத சத்தம் மட்டும் கேக்காது. குளிக்கப் போனவ குளிக்காம உள்ள என்னதான் செய்யுதா? நானும் வெளிய நின்னு சத்தம் போடுவேன். "ஏளா, தண்ணி வீணாப் போவுது, கேக்கா இல்லையா?" பதில் வராது. அப்புறம் என்ன செய்ய? சுவிட்ச அணைச்சுருவேன்.

சிரிங்க தம்பி. சிரிக்கலாம், விளையாட்டுக்குச் செய்யுததுதான். வண்டிக்கு விசில் ஊதுத மாதிரின்னு வச்சுக்கிடுங்களேன். இருட்டுல கொஞ்ச நேரம் தடவிக்கிட்டுக் கெடப்பா. அப்புறம் தாழ்ப்பாள் சத்தம் கேக்கும். கண்ணும் மூக்கும் செவந்து போய் வருவா. சோப்பு போயிருக்கும். இருட்டுல குளிச்சா சோப்பு கண்ணுல போகத்தான செய்யும்? கல்யாணம் ஆன புதுசுல இருந்தே இப்படித்தான். மக பொறந்த பெறகும் இப்படித்தான், அவளக் கட்டிக் குடுத்து ஓசூருக்கு அனுப்புன பெறகும் இப்படித்தான். ஒருநாள் அதுக்காக அவ சண்டை போட்டதில்ல. ஒரு சொல் ஒசந்து பேசுனதில்ல. அப்படி ஒரு பொம்பளை தம்பி அவ. இந்தத் தெருவுல யார வேணாலும் கேட்டுப் பாருங்க.

போன வருஷம் அவளுக்கு முட்டு வலி வந்துச்சு. இனிமே கீழ குத்தவச்சு உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரின்னு நானாத்தான் முடிவெடுத்தேன். யாரும் சொல்லி இல்ல. அவ வாயத் தொறந்து கேக்கவும் இல்ல. பழச இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுவோம், வெஸ்டர்ன் வைப்போம், டைல்ஸ் ஒட்டுவோம்னு நானாச் சொன்னேன். பொண்டாட்டிக்குன்னு இப்படி நெனைச்சுப் பாத்துச் செய்யுத புருஷன் எத்தன பேரு இருக்கான் சொல்லுங்க.

ஜெபமணின்னு ஒரு காண்ட்ராக்டர் வந்தான். எந்நேரமும் காதுல போனோட திரியுத ஆளு. டேப்ப நீட்டி அங்கன இங்கன அளந்தான். அளந்துட்டு என்கிட்ட கேக்கணுமா இல்லையா? நான்தான வரச் சொன்னது? அவன் அடுப்படி வாசல்ல நின்ன செண்பகத்தப் பாத்து, "அக்கா, உங்களுக்கு எப்படி வேணும்?"னு கேக்கான்.

"அவகிட்ட என்ன கேக்க, என்கிட்ட கேளும்"னேன்.

அதுக்குள்ள அவ சொல்லிட்டா. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டே, "எப்படினாலும் கட்டுங்க. சுவிட்ச மட்டும் உள்ள வச்சுருங்க"ன்னா.

அம்புட்டுதான். டைல்ஸ் என்ன கலருன்னு கேக்கல. சுடுதண்ணிக்கு ஹீட்டர் வேணுமான்னு கேக்கல. சுவிட்சாம்! நானும் ஜெபமணியும் சிரிச்சோம். இல்ல, அவன் சிரிக்கல. நான் சிரிச்சேன்.

வேலை ஆரம்பிச்ச அன்னைக்கே பழைய பாத்ரூம இடிச்சுப் போட்டுட்டான். அதோட ஆளக் காணும். இன்னைக்கு மணல் வரலம்பான், நாளைக்கு கொத்தனார் வீட்டுல விசேஷம்பான். நான் கிணத்தடியில நின்னு ரெண்டு வாளி ஊத்திக்கிட்டேன். பொம்பளை என்ன செய்வா? லூர்து டீச்சர் வீட்டுல போய்க் குளிச்சா. அங்க போனா இன்னும் மோசம் தம்பி. போனா போனதுதான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு, "செண்பகம், ஏ செண்பகம்"னு கூப்பாடு போடுவேன். டீச்சர் எட்டிப் பாத்து, "பாவம் சார், அவங்க நிம்மதியாக் குளிச்சுட்டு வரட்டுமே"ம்பாங்க. குளிக்கதுல என்ன நிம்மதி வேண்டிக் கெடக்கு? வெளிய வரும்போது தலையில துண்டக் கட்டிக்கிட்டு, வாய்க்குள்ள ஏதோ பாட்டு. என் வீட்டுல அவ பாடி நான் கேட்டதே இல்ல. அடுத்த வீட்டுல போய்ப் பாடுதா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் ஒருநாள் வயரிங் பண்ணுத பையன் வந்தான். செண்பகம் கோயிலுக்குப் போயிருந்தா. அவன் பாட்டுக்கு சுவர உள்பக்கமாக் கொத்தி சுவிட்சு பெட்டிய வச்சுட்டான். எனக்கு திக்குன்னு ஆயிட்டு. ஈரக்கையோட சுவிட்சத் தொட்டா என்னத்துக்கு ஆகும்? அவ நல்லதுக்குத்தான் தம்பி சொன்னேன். "எடு, எடு, வெளிய வையி"ன்னேன். "அக்கா உள்ளதான வைக்கச் சொன்னாங்க"ன்னு இழுத்தான். "வீடு யாரு வீடு?"ன்னு கேட்டேன். வெளிய வச்சுட்டான். உள்ள கொத்துன எடத்த சிமெண்ட்ட வச்சுப் பூசிட்டுப் போயிட்டான்.

செண்பகம் வந்தா. கையில இருந்த திருநீற என் நெத்தியில பூசுனா. நேரா புறவாசலுக்குப் போனா. அந்தப் பூச்சு இன்னும் ஈரமா இருந்துச்சு. அதுமேல உள்ளங்கைய வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. அவ ஏதாவது கேப்பான்னு பாத்தேன். ஈரக்கை, ஷாக்கு எல்லாம் வெவரமாச் சொல்லத் தயாரா இருந்தேன். அவ கேக்கல. கைய அலம்பிட்டு வந்து தோசை சுட்டா. மறுநாள் காலையில ஒரு பையில ரெண்டு சேலைய எடுத்து வச்சுக்கிட்டு, "தம்பி வீட்டுல போயி இருக்கேன்"ன்னா.

"எப்ப வருவ?"ன்னேன்.

"வேலை முடியட்டும்"ன்னா. வாசப்படி எறங்கி, செருப்ப மாட்டி, என்னைப் பாத்து, "வாரேன்"ன்னா.

வாரேன்னா தம்பி. என் காதால கேட்டேன். போறேன்னு சொல்லல.

நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். கண்டக்டர் எல்லாம் நமக்குத் தெரிஞ்ச பயலுகதான. "டேய், ஜன்னல் ஓரமா எடம் போட்டுக் குடு"ன்னு சொல்லி ஏத்திவிட்டேன். வண்டி நேரம் ஆயிட்டு. டிரைவர் என்னமோ பேசிக்கிட்டு நிக்கான். எனக்குப் பொறுக்குமா? பழக்கதோஷம். வண்டியப் படார்னு தட்டி, "போலாம் ரைட்"டுன்னேன். வண்டி எடுத்துட்டான். அவ ஜன்னல் வழியா நேராப் பாத்துக்கிட்டு இருந்தா.

நானே தட்டி அனுப்பிட்டேன் தம்பி. இந்தக் கையாலதான்.

அப்புறம் ஜெபமணி கழுத்துல கத்திய வச்ச மாதிரி நின்னு வேலைய முடிச்சேன். பாருங்க, டைல்ஸ் எப்படி இருக்கு? கால் வழுக்காது. கைப்பிடி வச்சிருக்கேன், முட்டு வலிக்காரி புடிச்சுக்கிட்டு எந்திரிக்க. அன்னைக்கே போன் போட்டேன். "வேலை முடிஞ்சுட்டு"ன்னேன். "சரிங்க"ன்னா. மறுநாள் வருவான்னு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சங்கரன்கோவில் வண்டி ஒவ்வொண்ணா வந்துச்சு. எல்லாரும் எறங்குனாங்க. டீ ஸ்டால்காரன், "என்ன அண்ணாச்சி, திரும்பவும் ட்யூட்டியா?"ன்னு கேலி பண்ணுதான்.

ஒருவேள டைல்ஸ் புடிக்கலையோன்னு நெனச்சேன். போட்டோ எடுத்து மச்சினன் ஆவுடையப்பன் போனுக்கு அனுப்பியிருந்தேன், வெள்ளை டைல்ஸ். அவளுக்குப் பச்சைன்னா உசுரு. வேற ஆள விட்டு அத்தனையும் பேத்துட்டுப் பச்சை ஒட்டுனேன். வரல. கதவு சரியில்லையோன்னு கதவ மாத்துனேன். வரல. நேரா போய்ப் பாத்துருவோம்னு சங்கரன்கோவிலுக்கே போயிட்டேன்.

வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்க"ன்னா.

எனக்கு "வாங்க"ன்னா தம்பி! நான் வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஒருநாளாவது அவ வாங்கன்னு சொல்லியிருப்பாளா? கட்டுன புருஷன யாரு அப்படிச் சொல்லுவா? விருந்தாளியத்தான சொல்லுவாங்க. நாற்காலிய எடுத்துப் போட்டா. ஆள் வந்தா எடுக்குத டம்ளர்ல காப்பி குடுத்தா. முகம் நல்லாத் தெளிஞ்சு இருந்துச்சு. கொஞ்சம் சதை போட்டிருந்தா. தண்ணி மாறுனா சில பேருக்கு அப்படித்தான். "சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னா. எங்க போறதுக்கு? நான் கூட்டிட்டுப் போகல்லா வந்திருக்கேன்!

கால் கழுவப் போன எடத்துல அவங்க பாத்ரூமப் பாத்தேன். பாத்து எனக்கு அழுகையே வந்துட்டு. மேல தகரம். சுவருல பாதிக்குப் பூச்சே இல்ல. பழைய பெயிண்ட் டப்பாவுலதான் தண்ணி மோந்து குளிக்கணும். இதுக்கு என்னோட பழைய பாத்ரூமே அரண்மனை. இதுலதான் அவ குளிக்கா. என்ன சொகத்தக் கண்டாளோ. உள்ள வயருல ஒரு சுவிட்ச் தொங்குச்சு, அதப் பாத்தேன். ஓகோன்னு அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இவ இன்னும் அந்த சுவிட்சயே நெனைச்சுக்கிட்டு இருக்காளோ?

திரும்பி வந்ததும் மொத வேலையா எலெக்ட்ரீசியனக் கூப்பிட்டு உள்ள ஒரு சுவிட்ச் வச்சேன். ஆனா தம்பி, நம்ம மூளையப் பாருங்க, வெளிய இருந்தத எடுக்கல. மாடிப்படிக்குப் போடுவாங்கள்லா, கீழயும் அணைக்கலாம், மேலயும் அணைக்கலாம்? அந்த மாதிரி. ரெண்டு பேருக்கும் தோது. உடனே போன் போட்டேன். "செண்பகம், நீ கேட்ட மாதிரியே உள்ள சுவிட்ச் வச்சாச்சு. வெளியயும் இருக்கு. நீயும் அணைக்கலாம், நானும் அணைக்கலாம்"னேன்.

"நல்லது. உங்களுக்கு வசதியா இருக்கும். போன வைக்கட்டா?"ன்னா.

எனக்கா வசதி? யாருக்காகச் செஞ்சேன் நான்?

மறுநாள் ஆவுடையப்பன் பேசுனான். மரியாதையான பையன், குறை சொல்லக் கூடாது. "அத்தான், இனிமே பாத்ரூமப் பத்திப் பேசணும்னு போன் போடாதீங்க. அக்கா வரமாட்டா"ன்னான்.

"வேலை முடிஞ்சதும் வாரேன்னு சொன்னாளேடே"ன்னேன்.

"கெளம்பும்போது எல்லாரும் வாரேன்னுதான அத்தான் சொல்லுவாங்க. போறேன்னா சொல்லுவாங்க?"ன்னு கேட்டான்.

மககிட்ட சொன்னேன், அவளாவது எடுத்துச் சொல்லுவான்னு. அவ, "அப்பா, அம்மாவ விட்டுருங்க"ன்னா. அம்புட்டுதான்.

நீங்களே சொல்லுங்க. போறேன்னு சொல்லியிருந்தா நான் அந்த வண்டியத் தட்டியிருப்பேனா? முன்னால போய்ப் படுத்திருக்க மாட்டேன்? வாரேன்னதாலதான தட்டுனேன். நான் ரைட் சொல்லி அனுப்புன வண்டி ஒண்ணுகூட திரும்பி வராம இருந்ததில்ல தம்பி. லேட்டா வரும். பஞ்சராகி வரும். ஒருதடவ ரோட்டுல மரம் விழுந்து மறுநாள் வந்துச்சு. ஆனா வந்துச்சு.

அதனாலதான் சொல்லுதேன். இந்த பாத்ரூமுல ஒரு குறையும் இல்ல. எனக்கும் கண்ணு தெரியுது. இடிச்சுருங்க. நாளைக்கே ஆரம்பிங்க. நீங்க மெதுவாச் செய்யலாம், நான் அவசரப்படுத்த மாட்டேன். மணல் வரலன்னா வரல. வீட்டுல விசேஷம்னா போயிட்டு வாங்க. தெருவுல கேக்காங்க, "இன்னும் வேலை முடியலையா அண்ணாச்சி?"ன்னு. முடியலன்னு சொல்லுதேன். முடிஞ்சும் அவ வரலன்னு ஆயிட்டுன்னா, செண்பகம் சொன்ன சொல் தவறுனவன்னுல்லா ஆயிரும்? அவ அப்படிப்பட்டவ இல்ல. வேலை நடந்துக்கிட்டு இருக்க வரைக்கும் அவ வாரேன்னு சொன்னது சொன்னதுதான்.

என்ன சொல்லுதீங்க? வெளிய இருக்க சுவிட்ச எடுத்துட்டுப் பாக்கலாமாவா? அதுலயா இருக்கு விஷயம்? ஒரு சுவிட்சுக்காக ஒருத்தி வீட்ட விட்டுப் போவாளா? இருக்காது தம்பி. நீங்க சின்ன வயசு, உங்களுக்குத் தெரியாது. இதுல என்னமோ வேற இருக்கு. எனக்குத்தான் புடிபடல. அதோட, நான்தான் இப்ப அதத் தொடுததே இல்லையே. பாத்தீங்கள்லா, எரிஞ்சுக்கிட்டேதான கெடக்கு.

அணைச்சுட்டா உள்ள ஆள் இல்லன்னு ஆயிருது. எரிஞ்சா பரவாயில்ல. சாயங்காலம் குழாயையும் தொறந்து விட்ருவேன். வாளியில தண்ணி விழும். நெறஞ்சு வழியும். நான் கதவச் சாத்திட்டு இங்கன உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். எவ்வளவு நேரம்னாலும் இருக்கட்டும்னு இருப்பேன். சத்தம் போடுததே இல்ல. சோறு எறங்க மாட்டேங்கு தம்பி. வீடு வீடாவே இல்ல. அவ வந்து உள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுட்டு ராத்திரி வரைக்கும் இருந்தாக்கூட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ரொம்ப நேரமாச்சுன்னா மட்டும் கதவ லேசாத் தட்டுவேன், அவ்வளவுதான்.

என்ன எந்திரிச்சுட்டீங்க? அளந்துட்டுப் போங்க. டேப்பக் கையில வச்சுக்கிட்டு அளக்காமப் போனா எப்படி? பேசிட்டே இருந்துட்டேன், உங்களுக்கும் சோலி இருக்கும். சரி, செருப்பு அங்கன கெடக்கு பாருங்க.

என்னது? என்ன சொன்னீங்க? வாரேனா?

அப்படி வாசப்படியில நின்னு சொல்லாதீங்க தம்பி. வருவீங்களா, வரமாட்டீங்களா? வரலன்னா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். போறேன்னு சொல்லிட்டுப் போங்க.